கண்டென்சரில் நானும் ஒரு தகடு

"கையை இன்னும் கொஞ்சம் நீட்டு! சொம்பை எறக்காதே! அப்படியே இரு, மூச்சு மட்டும் வுட்டுக்கோ!"

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் கத்துகிறார். நான் கொல்லைப்பக்கத்தில் நிற்கிறேன். வலது கையில் தண்ணீர் தளும்பும் பித்தளைச் சொம்பு. எதிரே, வண்டிச் சக்கரம் அளவுக்கு வளைத்து மூங்கில் கழியில் கட்டி நிறுத்திய செம்புக் குழாய். அடுப்பில் குழம்பு கொதிக்கும் வாசனை வருகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அது தீய்ந்த வாசனையாக மாறும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மூச்சு விட மட்டும் அனுமதி பெற்றவள் குழம்பை இறக்கப் போக முடியாது.

அது ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்து, தலையில் போட்ட முக்காட்டைக்கூட எடுக்காமல் லூர்தம்மா கிணற்றடிக்கு வந்தார். நாங்கள் குடியிருந்த வீடு அவருடையது. முன்பக்கம் அவர், பின்பக்கம் நாங்கள், நடுவில் ஒரே கிணறு.

"இன்னா பொண்ணே, இன்னிக்கும் நிக்க வச்சுட்டானா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சின்ன வயதிலிருந்து எனக்கு நன்றாக வருவது அது ஒன்றுதான்.

"போன வாரமும் நிக்க வச்சான். அதுக்கு முன்ன வாரமும் வச்சான். வாராவாரம் அப்படி இன்னாதான் தப்பு பண்றே நீ?"

நான் சிரித்தேன். அழுகையை மறைக்கத்தான் சிரிக்கிறாள் என்று லூர்தம்மா தீர்மானித்துவிட்டார். அவர் ஒன்றைத் தீர்மானித்தால் அது எங்கள் ஊர் ஒரகடம் முழுவதற்கும் தீர்மானம்.

பாட்டு வராத ரேடியோ

இந்தத் தொடரை இந்த வாரம்தான் பிரிக்கிறவர்களுக்கு என் வீட்டுக்காரரைப் பற்றி இரண்டு வார்த்தை.

ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன். வாரத்தில் ஆறு நாள் கம்பெனி மெஷினோடு குடித்தனம். ஏழாம் நாள் ரேடியோவோடு. மிச்சம் மீதி இருந்தால் என்னோடு.

ரேடியோ என்றதும் பாட்டு, நாடகம், விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். இது பாட்டு வராத ரேடியோ. சர்க்கார் பரீட்சை எழுதிப் பாஸானவர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே அடுத்த ஊர்க்காரனோடு பேசலாம்; அதற்கு லைசென்ஸ் உண்டு. அமெச்சூர் ரேடியோ என்பார்கள். அந்தப் பரீட்சையில் தந்தி மாதிரித் தட்டிக் காட்ட வேண்டுமாம். பெண் பார்க்க வந்த அன்றுகூட பஜ்ஜித் தட்டின் ஓரத்தில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். "மாப்பிள்ளைக்கு சங்கீத ஞானம் இருக்கு" என்று அப்பா பூரித்துப் போனார்.

எனக்கு யாரிடமும் பேச வராது. அவருக்கோ, பக்கத்தில் இருப்பவரிடம் பேச வராது. பொருத்தம் பார்த்தவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

கொடி கட்டிக் கொடுத்த பிள்ளை

முதலில் இந்தச் செம்பு வளையம் கிடையாது. வேப்பமரத்திலிருந்து லூர்தம்மாவின் தென்னைமரம் வரை நீளமாக ஒரு கம்பி கட்டினார். அதுதான் ஆன்டெனா. கட்டி இறங்கி, ஏணியை எடுத்து வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் லூர்தம்மா அதில் இரண்டு ஈரப் புடவைகளையும் ஒரு ஜமுக்காளத்தையும் போட்டுவிட்டார்.

"நல்ல புள்ள. கேக்காமயே கொடி கட்டிக் குடுத்துச்சு" என்று தெருவெல்லாம் புகழ்ச்சி வேறு.

"அம்மா, அது துணி காயப் போடறதுக்கு இல்லீங்க" என்றார் இவர்.

"பின்ன இன்னாத்துக்கு? சும்மா மேல ஒரு கம்பி போவுமா?"

அந்த வாக்குவாதத்தை எழுதினால் பத்திரிகையில் மற்றவர்களுக்கு இடம் இருக்காது. முடிவு மட்டும் சொல்கிறேன். கம்பி இருந்தால் துணி காயும். துணி காயக் கூடாது என்றால் கம்பியும் கூடாது. வீட்டுச் சொந்தக்காரியின் சட்டம். அதனால் கம்பியை அவிழ்த்துவிட்டு, ஐஸ் பேக்டரியில் கழித்துப் போட்ட செம்புக் குழாயை வாங்கிவந்து வளையமாக வளைத்தார். நீளக் கம்பி செய்கிற வேலையை இந்தச் சின்ன வளையம் செய்துவிடுமாம். ஒரே ஒரு நிபந்தனை. வளையத்தின் வாயில் ஒரு கண்டென்சர் வேண்டும்.

சோமாசித் தகடுகள்

பத்திரிகையிலிருந்து பேசிய தம்பி, "மாறு மின்தேக்கின்னு போட்டுக்கலாமாம்மா?" என்று கேட்டார். அவர் இஷ்டம். எங்கள் வீட்டில் அதற்குக் கண்டென்சர் என்றுதான் பெயர். சில நாட்களில் சனியன்.

நான் அஞ்சாவது வரை படித்தவள். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். சோமாசி மாதிரி பாதி வட்டமாக வெட்டிய தகடுகள். கொஞ்சம் தகடுகள் அசையாமல் நிற்கும். மற்றவை ஒரு தண்டில் கோத்திருக்கும். தண்டைத் திருப்பினால் இந்தத் தகடுகள் அந்தத் தகடுகளின் இடுக்கில் நுழையும். நுழையலாம், தொடக் கூடாது. பெரியவர்கள் எதிரில் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்துகொள்கிற மாதிரி. எவ்வளவு நுழைகிறதோ அதைப் பொறுத்து வளையம் ஒரு இடத்தில் சரியாக நிற்கும். அந்த இடத்தில்தான் மற்ற ஊர்க்காரன் குரல் வரும், இவர் குரலும் போகும். மயிரிழை தப்பினாலும் வெறும் இரைச்சல்.

முதலில் பழைய வால்வு ரேடியோவிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டினார். பேச ஆரம்பித்ததும் தகடுகளுக்கு நடுவே நீலமாக 'டப் டப்' என்று பொறி பறந்தது. இடைவெளி போதாதாம். அந்தத் தம்மாத்துண்டு வளையத்தில் அவ்வளவு மின்சார வேகம் ஏறுமாம். கடையில் பெரியது கிடைக்காது. ஆகவே வீட்டிலேயே செய்வது என்று முடிவானது. வீடு என்றால் என் சமையலறை.

வடகம் பிழிந்து காயவைக்கிற பெரிய அலுமினியத் தட்டு காணாமல் போனது. இரண்டு நாள் கழித்து அதைச் சோமாசி சோமாசியாகப் பார்த்தேன். தண்டு, சைக்கிள் கடையில் வாங்கியது. தகடுகளுக்கு நடுவே வாஷர். இரண்டு பக்கமும் தாங்க முதலில் மரப்பலகை வைத்தார். மழையில் அது உப்பிக்கொண்டு, தகடுகள் ஒன்றை ஒன்று கட்டிப் பிடித்துக்கொண்டன. பிறகு சைன்போர்டு எழுதுகிறவரிடம் கெஞ்சிப் பிளாஸ்டிக் பலகை வாங்கி வந்தார்.

பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஆனால் தண்டு பொருந்தவில்லை. லொடலொடவென்று ஆடும். இந்தப் பக்கம் திருப்பினால் சரியான இடத்தைத் தாண்டிப் போகும், அந்தப் பக்கம் திருப்பினால் வந்து சேராது. அதைவிடப் பெரிய தலைவலி, மனுஷ உடம்பு கிட்டே போனாலே அது மாறிவிடும். இவர் பக்கத்தில் போய்த் திருப்பிச் சரி செய்வார். உள்ளே வந்து உட்கார்ந்தால், இவர் உடம்பு விலகியதால் அதுவும் விலகியிருக்கும். இப்படிக் கொல்லைக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து, பூமியை ஒரு சுற்று வந்திருப்பார். அந்த நடையில் அந்த ஊர்க்காரனையே நேரில் பார்த்துவிட்டு வந்திருக்கலாம்.

பாம்பா?

ஒரு ஞாயிறு காலையில் காய்ந்த துணி எடுக்கக் கொல்லைக்குப் போனேன்.

"அங்கயே நில்லு! அசையாதே!" என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம்.

"இன்னாங்க, பாம்பா?" என்றேன் நடுங்கிக்கொண்டு.

"பாம்பு இல்ல! சோக்கா வருது! கோயம்புத்தூர் சோக்கா வருது!"

நான் அங்கே நின்றதும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் குரல் தெளிவாக விழுந்ததாம்; கண்டென்சருக்குக் குறைந்த கொஞ்சத்தை என் உடம்பு நிரப்பிவிட்டதாம். கல்யாணமானதிலிருந்து நான் அவரை அவ்வளவு சந்தோஷப்படுத்தியதில்லை. அதற்கு நான் செய்தது, துணி எடுக்க வந்ததுதான்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் எனக்கு டூட்டி. அரை அடி முன்னால், கால் அடி பின்னால். பிறகு நுணுக்கம் கூடியது: கையில் தண்ணீர்ச் சொம்பு. கையை நீட்டினால் கொஞ்சம் ஏறும், மடக்கினால் கொஞ்சம் இறங்கும். நானே ஒரு தகடு. என் கை அதில் திருகு. இப்போதெல்லாம் அந்த வளையத்துக்கு அவ்வளவு கிட்டே ஆளை நிறுத்தக் கூடாது, உடம்புக்கு ஆகாது என்கிறார்களாம். அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் ஓர் அடி தள்ளி நிற்கச் சொல்லி, சொம்புக்குப் பதில் குடத்தைக் கொடுத்திருப்பார்.

தண்டைச் சரியாகச் செய்ய வாரக்கணக்கில் அரம் போட்டு ராவ வேண்டும். என்னை நிறுத்த ஒரு கத்தல் போதும். எனவே கண்டென்சர் பாதியிலேயே நின்றது. முழு நேரமும் நான் நின்றேன்.

வடக்குப்பட்டு வரை போன செய்தி

லூர்தம்மா கிணற்றடியில் பார்த்ததைத் தயிர்க்காரியிடம் சொன்னார். தயிர்க்காரி என் பிறந்த ஊரான வடக்குப்பட்டுக்காரி. செய்தி ஊர் போய்ச் சேர்ந்தபோது, நான் வெயிலில் முட்டி போட்டு, தலையில் கல் சுமந்துகொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறே அம்மாவும் என் அண்ணன் கன்னியப்பனும் வந்து நின்றார்கள். அப்போது நான் சொம்போடு நின்றுகொண்டிருந்தேன். வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அம்மாவுக்கு மருமகன் முகத்துக்கு நேரே பேசுகிற பழக்கம் கிடையாது. கதவுக்குப் பின்னால் நின்று சுவரிடம்தான் பேசுவார். "கேளுடா அவர! எம் பொண்ணு இன்னா குத்தம் பண்ணிச்சுன்னு கேளு!"

"இன்னா மாப்ள, எங்க பொண்ணு இன்னா தப்பு பண்ணிச்சு?" என்றார் அண்ணன்.

"தப்பு ஒண்ணும் இல்ல மச்சான். கண்டென்சர்ல கொஞ்சம் குறையுது."

"குறையுதா? கல்யாணத்துல நாங்க எதுல கொற வச்சோம்?"

"சீர்ல இல்ல மச்சான். பிகோபேரட்ல." பாலுக்குப் படி, ஆழாக்கு மாதிரி கண்டென்சருக்கு அது ஒரு அளவாம்.

"அத கேக்கவே இல்லியேப்பா நீங்க!" என்று சுவரிடம் அலறினார் அம்மா.

வாயால் சொன்னால் புரியாது என்று கண்டுபிடித்து, செய்து காட்டுவதாகச் சொன்னார் என் வீட்டுக்காரர். என்னை விலக்கிவிட்டு அந்த இடத்தில் அண்ணனை நிறுத்தினார். அண்ணன் ஆள் வாட்டசாட்டம். அளவு மீறிப்போய்விட்டது. "இன்னும் பின்னாடி போ மச்சான்… இன்னும் கொஞ்சம்…" என்று சொல்லச் சொல்ல, அவர் பின்னால் போய்ப் போய்ச் சாணிக்குழியில் ஒரு காலை விட்டார். அதற்குமேல் ஆராய்ச்சி நடக்கவில்லை. மறுபடி நான் சொம்போடு நின்றேன். காதில் மாட்டுகிற கருவியைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரை மாட்டினார். எல்லோரும் கேட்கத் தெளிவாக வந்தது கோயம்புத்தூர்க் குரல்.

நானும் அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன். இத்தனை நாள் நின்றவள் ஆயிற்றே, என்னதான் பேசுகிறார்கள் என்று எனக்கும் ஆசை.

"உங்க சத்தம் நல்லா கேக்குதுங்க. எங்க சத்தம் எப்படிங்க? இங்கே ரெண்டு நாளா மேகமா இருக்குதுங்க. அங்கே எப்படிங்க?"

அம்மாவின் தலை கதவிடுக்கில் நீண்டது.

"இதுக்கா?" என்றார் அம்மா. முதன்முறையாகச் சுவரை விட்டு வெளியே வந்துவிட்டார். "மேகமா இருக்குதா, வெயிலா இருக்குதான்னு சொல்றதுக்கா எம் பொண்ணு நிக்கிறா? வெளிய வந்து அண்ணாந்து பாத்தா தெரியாதா?"

"ஐயே, நம்பளக் கேட்டிருந்தாகூட சொல்லியிருப்பனே" என்றார், சத்தம் கேட்டுக் கிணற்றடிக்கு வந்து நின்ற லூர்தம்மா.

அண்ணன் காலைக் கழுவிக்கொண்டு வந்தார். "நீ சொல்லு. வரியா, இங்கயே நிக்கிறியா?"

நாலு பேர் முகமும் என் பக்கம் திரும்பியது. கொல்லை வாசலுக்கு வந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அதே நேரம் ஸ்பீக்கரில் கோயம்புத்தூர்க்காரர், "இருக்கீங்களாங்க? போயிட்டீங்களாங்க?" என்று கூப்பிட்டார்.

"ஒரு நிமிஷம் மச்சான். பதில் சொல்லாம வுட்டா மரியாதை இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் தலையைக் குனிந்தேன். குனிந்த தலைக்குச் சம்மதம் என்று அர்த்தம் செய்துகொண்டு அம்மா என் கையைப் பிடித்தார். வாசலைத் தாண்டும்போது உள்ளே அந்தக் குரல் இரைச்சலில் கரைவது கேட்டது. நான் போய்விட்டது கோயம்புத்தூர் வரை தெரிந்திருக்கும். உள்ளே இருந்தவருக்குத் தெரிந்ததா என்று சொல்ல முடியாது.

மஞ்சள் புடவை கட்டிய வாழை

பிறந்த வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. பேச்சுக்கும் குறைவில்லை. அண்ணி நல்ல மாதிரிதான். எதையும் மனசில் வைத்துக்கொள்ள மாட்டார்.

"புருஷன் குடிச்சிட்டு அடிச்சு வாழாவெட்டியா வந்தவங்கள பாத்துகீறேன். ரேடியோப் பொட்டியால வந்தது இந்த ஊர்லயே நீதாம்மா" என்பார், எனக்கு மோர் ஊற்றிக்கொண்டே.

என் வீட்டுக்காரர் வரவில்லை. வாரங்கள் போயின. வாழாவெட்டி என்ற சொல் முதலில் அடுப்பங்கரையில் இருந்தது, பிறகு தெருக்குழாய் வரை போனது. மறுபடி அந்த வீட்டுக்குப் போவேனா, இந்தச் சொல்லோடு இங்கேயே கிடப்பேனா என்பதுதான் படுத்தால் எனக்குள் ஓடும்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு லூர்தம்மாவே பஸ் பிடித்து வந்துவிட்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"எங்க சாமிக்கு இதெல்லாம் கெடயாது. உங்களுதுல இன்னா அர்த்தம்னு கேக்கத்தான் வந்தேன். உன் வூட்டுக்காரன் கொல்லையில வாழமரம் ஒண்ணு நட்டுகீறான். ஆளு ஒசரம். அதுக்கு மஞ்சப் பொடவ சுத்தி, பித்தளச் சொம்புல தண்ணி ரொப்பி அதுல கட்டிகீறான்."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாழை, மஞ்சள் புடவை, நீர் நிறைந்த சொம்பு. எங்களவர்களுக்கு இதற்குமேல் பத்திரிகை அடித்து அனுப்ப வேண்டியதில்லை.

"ரெண்டாங் கல்யாணம்!" என்றார் அண்ணி. கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டார்.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். "நாலு பேர கூட்டிகினு போறேன். இன்னியோட அறுத்துட்டு வந்துடறேன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

நான் லூர்தம்மாவிடம் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான். "சொம்பு எவ்ளோ ஒசரத்துல கட்டிகீது?"

"இடுப்புக்குக் கொஞ்சம் மேல. நீ நின்னா உன் கை இருக்கும் பாரு, அங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. பெண் யாரும் இல்லை. என் இடத்தில் ஒரு மரத்தை நிறுத்தியிருக்கிறார். நிம்மதி வரவேண்டும் அல்லவா? வரவில்லை. இன்னொருத்தி வந்திருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது. அவளுக்காவது வாய் இருந்திருக்கும். இரண்டு ஞாயிறு பார்த்துவிட்டு முடியாது என்று சொல்லியிருப்பாள். வாழை சொல்லாது. நானும் சொன்னதில்லை. அதனால் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அண்ணன் ஆள் சேர்த்துக்கொண்டு போய்க் கைவைத்துவிட்டால், பிறகு ஒட்டவைக்க யாராலும் ஆகாது. செருப்பை மாட்டிக்கொண்டு ஏரிக்கரை வழியாகக் குறுக்கே நடந்தேன். அம்மா கூப்பிட்டது காதில் விழுந்தது.

காலியான இடம்

கொல்லைப் படலைத் திறந்தேன். வாழை நின்றுகொண்டிருந்தது. என் பழைய மஞ்சள் புடவையை ஈரமாக்கிச் சுற்றியிருந்தார். உள்ளே அவர் குரல், காலநிலை விசாரித்துக்கொண்டிருந்தது. நான் இரண்டடி எடுத்து வைத்ததும் உள்ளிருந்து சத்தம்.

"யாருப்பா அது? யாரா இருந்தாலும் தள்ளிப் போங்க! கெட்டுப்போவுது!"

சரிதான். இப்போது நான் கூடுதல்.

சொம்பை அவிழ்த்துக் கீழே வைத்தேன். புடவையை உருவினேன். வாழையைக் கட்டிப் பிடித்து ஆட்டினேன். ஆழமாக நடவில்லை, கையோடு வந்துவிட்டது. உள்ளே பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில், நடுப்பேச்சில் எழுந்து அவர் வெளியே வந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. கழுத்தில் கருவி, அதிலிருந்து அறுந்த வால் மாதிரி ஒரு ஒயர்.

"வந்துட்டியா?" என்றார். பிறகு என் தோளில் கிடந்த மரத்தைப் பார்த்தார். "அது நல்லா செட் ஆயிருந்துச்சு. வாடினாதான் அளவு மாறுது. அதான் பொடவய நனச்சு நனச்சு…"

"வாழை வாடுதுன்னு பொடவ நனச்சுப் போடத் தெரிஞ்சுதே. எனக்கு ஒரு நாளு கொடை புடிக்கத் தோணுச்சா?"

அவ்வளவு நீளமாக நான் பேசி அவர் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"வடக்குப்பட்டுக்கு வரணும்னுதான் இருந்தேன்" என்றார். "வந்து இன்னான்னு பேசறதுன்னு தெரியல."

"அங்க மேகமா இருக்குதான்னு கேட்டிருக்கலாம்."

தலையைக் குனிந்துகொண்டார். அந்த வேலையை வேறொருவர் செய்து அன்றுதான் பார்த்தேன்.

நான் அடுப்பங்கரைக்குள் போய் அரிவாள்மணையை எடுத்தேன். பின்னாலேயே வந்தார். "அப்ப யாரு நிக்கறது?"

"எடம் காலியாத்தான் கீது. நீங்க நில்லுங்க."

"நான் அங்க நின்னா உள்ள யாரு பேசறது?"

"நான் பேசறேன்."

பதறிவிட்டார். "ஐயோ, உனக்கு லைசென்ஸ் இல்லியே!"

"நிக்கறதுக்கு இருந்துச்சா?"

கூடத்தில் செட்டை அணைக்கிற சத்தம் கேட்டது. கொல்லைக்குப் போய்க் கண்டென்சரைக் கழற்றிக்கொண்டு வந்து, கோணியை விரித்து உட்கார்ந்தார். தண்டை உருவி வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு அரம் தேய்க்கிற சத்தம். நான் வாழையைப் பட்டை பட்டையாக உரித்து உள்ளே இருந்த வெள்ளைத் தண்டை வெளியே எடுத்தேன்.

அண்ணன் வந்து சேர்ந்தபோது சைக்கிள் வாசலில் சாய்ந்த சத்தமும், நாலு பேர் செருப்புச் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து ராவிக்கொண்டிருக்கிறார். தங்கை நார் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அண்ணனுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"ஏய், இன்னாடி பண்றே? கல்யாணத்துக்குக் கட்டின வாழைடி அது!"

"தண்டு நல்லா எளசா கீதுண்ணா" என்றேன், விரலில் நாரைச் சுற்றிக்கொண்டே. "எல்லாரையும் உக்காரச் சொல்லு. சாப்புட்டுப் போலாம்."